விபத்துப் பிரிவில் ஆராய்ச்சி செய்ய வரும் இளையவர்களுக்கு

அமராவதி நகர்ப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், உடுமலை ரோட்டில் வண்டியோடு சரிந்தவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் காம்பாக்டிங் ரோலருக்குள் கையைக் கொடுத்தவர் என்று நம் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு, இந்தத் தொழிலில் மூத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. கேள்வியை உங்கள் வார்டிலேயே தேடுங்கள். எலும்பு முறிந்து சதையும் கிழிந்த காயங்களைக் கஸ்டிலோ வகைப்பாடு தரம் பிரிக்கிறது. ஆனால் அதில் 3பி என்று ஒரே பெயர் பெற்ற இரண்டு கால்களில் ஒன்று தேறும், மற்றொன்று போய்விடும். வேறு அளவுகோலான மெஸ், ரத்த ஓட்டம் நின்ற காலுக்கே அதிக மதிப்பெண் கொடுத்தது. ரத்த ஓட்டம் இருந்தும் சிதைந்துபோன காலுக்கு அது போதவில்லை. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் உடன் இருந்தவர்களும் தினமும் பார்த்த இந்தக் குறையிலிருந்துதான் அவர்களுடைய அளவுகோல் பிறந்தது.

2. அனுபவத்தை எண்ணாக்குங்கள். தோல், எலும்பு, தசையும் நரம்பும் என மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் வைத்தார்கள். மண்ணும் சாணமும் படிந்த காயம், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதம், 65 வயதைத் தாண்டியவர் போன்ற ஏழு நிலைகளுக்குத் தலா 2. கூட்டினால் 14 வரை காலைக் காப்பாற்ற முயலலாம்; 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுத்துவிடுவதே நல்லது; 15, 16 என்றால் ஆளைப் பார்த்து யோசிக்க வேண்டும். 109 கால்களை வைத்து 2006-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

3. தனியாகச் செய்யாதீர்கள். அந்தக் கட்டுரையில் எலும்பு மருத்துவர்களோடு பிளாஸ்டிக் சர்ஜன் எஸ். ராஜசபாபதியின் பெயரும் இருக்கிறது. எலும்பைப் பொருத்துகிறவரும் அதன் மேல் சதை மூடுகிறவரும் ஒரே மேசையில் நின்றதால்தான் காயத்தை முழுதாக அளக்க முடிந்தது.

4. அடிபட்ட நேரத்தை எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் மட்டும் போதாது. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த கிராஷ்-2 ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அதன் தரவு காட்டியது இது: டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவைக் குறைக்கிறது. அதன்பின் கொடுத்தால் கெடுதலாகலாம். நேரம் பதிவாகாத கேஸ் ஷீட்டிலிருந்து இப்படி ஒரு உண்மை கிடைக்காது. பனியன் கம்பெனி காயமென்றால் எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

5. வீட்டுக்குப் போனவரை விடாதீர்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவர் தையல் பிரித்ததும் ரயிலேறிவிடுவார். அவருடைய எண்ணோடு ஊரிலிருக்கும் உறவினர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பு கூடியதா என்பதோடு, மறுபடி மெஷின் முன்னால் நிற்க முடிகிறதா, சம்பளம் வருகிறதா என்றும் கேளுங்கள். அவருக்கு வேண்டிய பதில் அதுதான்.

6. ஆராய்ச்சிக்கான சம்மதத்தை நோயாளியின் மொழியில் வாங்குங்கள். வலியில் துடிக்கிறவரிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. மறுத்தாலும் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று முதலில் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

7. காப்பாற்ற முடியாத காலையும் கணக்கில் சேருங்கள். தேறிய கேஸ்களை மட்டும் அடுக்கினால், அதைப் படிக்கும் இன்னொரு மருத்துவர் வேறொரு நோயாளியை வீண் ஆபரேஷன்களில் அலைக்கழிப்பார்.

8. கண்டறிந்ததைக் கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோங்கள். ரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும், உடனே 108-ஐ அழைக்கவும் சூப்பர்வைசருக்குக் கற்றுக்கொடுங்கள். சாலை விபத்தென்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம் என்பதையும் சொல்லுங்கள். காசுக்குப் பயந்து ஒருவர் தாமதித்தால், நம் ஆராய்ச்சி முழுவதும் அவருக்குப் பயன்படாமல் போகும்.