பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அசதி... சோம்பேறித்தனம் அல்ல!

"கை, கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு... அப்புறம் ஏன் எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கிறீங்க?"

பக்கவாதம் வந்து தேறியவர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவருக்கு ஆதங்கம். படுத்திருப்பவருக்கோ பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது!

பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இந்த அசதி பிடித்துக்கொள்கிறது. சிலருக்குச் சில மாதங்களில் குறையும். சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும்.

சாதாரணக் களைப்பு என்றால், ஓய்வெடுத்தால் போய்விடும். இது அப்படியல்ல. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும், பல் தேய்த்து, குளித்து, உடை மாற்றுவதற்குள் உடம்பு துவண்டுவிடும். மூளையும் சேர்ந்து களைத்துப்போகும். நாலு பேர் ஒன்றாகப் பேசினால் கவனிக்க முடியாது. பேப்பரில் ஒரு பக்கம் படிப்பதே பெரும்பாடு.

"லேசான அட்டாக்தானே, அசதியும் லேசாத்தான் இருக்கும்" என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் அப்படி நேர்க்கணக்கு கிடையாது. சிறிது நேரத்தில் தானாகவே சரியாகிவிடும் 'மினி ஸ்ட்ரோக்' வந்தவர்களுக்குக்கூட இந்த அசதி வருவதுண்டு.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

* மனச்சோர்வு உள்ளவர்கள்: பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. காரணமில்லாத அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை அறிகுறிகள். ஆனால், மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அசதி வரலாம்.

* தூக்கம் கெட்டவர்கள்: பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் தூங்கி வழிவது... இவை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சுத் தடை இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

* பக்கவாதத்துக்கு முன்பே அடிக்கடி அசதியாக இருந்தவர்கள்.

* பெண்கள்: ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

* வலியோடு இருப்பவர்கள்: பாதிக்கப்பட்ட பக்கத்துத் தோள்பட்டை வலியே பலருடைய தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

* காலை இழுத்து நடப்பவர்கள்: பத்தடி நடக்க மற்றவர்களைவிட அதிக சக்தி செலவாகும்.

* நாள் முழுக்கப் படுத்தே இருப்பவர்கள்: தசை பலம் குறையக் குறைய அசதி கூடும். அசதி கூடக் கூட இன்னும் படுக்கத் தோன்றும். இது ஒரு விஷ வட்டம்!

* வேறு கோளாறு உள்ளவர்கள்: ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை, பி12 வைட்டமின் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது ஆகியவையும் ஆளைச் சாய்த்துவிடும். இவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம்.

மாத்திரையும் காரணமாக இருக்கலாமா?

இருக்கலாம். வலிப்புக்கான மாத்திரை, தசை இறுக்கத்துக்கான மாத்திரை, தூக்க மாத்திரை, சில வகை பி.பி. மாத்திரைகள் அசதியைத் தரக்கூடும். அதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள்! ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையோ, பி.பி. மாத்திரையையோ நிறுத்தினால் மறுபடி பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அளவை, நேரத்தை, மருந்தை மாற்றுவது அவர் வேலை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஒரு வாரத்துக்கு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த நேரத்தில் அசதி, அதற்கு முன் என்ன செய்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எழுதினால் டாக்டருக்கு நல்ல துப்பு கிடைக்கும்.

* தெம்பு இருக்கும் நேரத்துக்குக் குளியல், பிசியோதெரபி பயிற்சி போன்ற முக்கிய வேலைகளை ஒதுக்குங்கள். பலருக்கு அது காலை நேரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். முழுக்கக் களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன்பே சிறிது ஓய்வு!

* நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இன்று நன்றாக இருக்கிறதே என்று ஒரேயடியாக நடந்தால், மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போகலாம்.

* பார்க்க வருபவர்கள் ஒரே நேரத்தில் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டி.வி. சத்தத்தையும் குறையுங்கள்.

எச்சரிக்கை!

வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கையோ காலோ திடீரென வலுவிழப்பது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "அசதிதான், படுத்தா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அடுத்த செக்-அப்பில் பி.பி., சுகர் எவ்வளவு என்று கேட்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "டாக்டர், இவருக்கு அசதி தாங்கலை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.