சோறும் குருதிச் சீனியும்

பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் முன்னெல்லாம் உத்தியோகமும் இடமாற்றமுமே பேச்சாயிருந்தன. இக்காலத்தில் தேநீர் வந்தவுடன், "எனக்குச் சீனி வேண்டாம்" என்னும் குரல்களே முதலிற் கேட்கின்றன. அவ்வாறு சொன்னவரே அடுத்த கணத்தில் நான்கு விசுக்கோத்தை எடுத்துண்பதையும் காண்கின்றோம்.

நாமும் அப்பிழையைச் செய்தவரே. வெறுவயிற்றில் எமது குருதிச் சீனி 118 மில்லிகிராம் எனக் கண்ட வைத்தியர், "நூறைக் கடந்துவிட்டது, நீரிழிவெனப்படும் 126ஐ இன்னும் எட்டவில்லை. திரும்பிச் செல்ல வழியுண்டு" என்றார். உடனே சோற்றை அறவே நீக்கி, தவிட்டுப் பாணையும் குரக்கன் கூழையும் பற்றினோம். சில வாரஞ் சென்று சோதித்தபோது எண் சிறிதும் இறங்கவில்லை. பின்னரே இதனைக் கற்கத் தலைப்பட்டோம்.

நீரிழிவு என்னுஞ் சொல்லில் இழிவு என்பது தாழ்ச்சியன்று, இறங்கி ஒழுகுதலாம். தமிழாசிரியர் இதனைச் சொல்லாது விடுதல் அரிது. நோயுற்றார் வெட்கப்பட யாதுமில்லை.

சோறு, பாண், இடியப்பம், மரவள்ளி யாவும் மாப்பொருள் நிறைந்தவை. மாப்பொருளாவது குளுக்கோசுத் துணிக்கைகள் சங்கிலியாய்ப் பிணைந்தது. நாவில் இனியாதாயினும், குடலில் நொதியங்கள் அச்சங்கிலியை அறுத்துக் குளுக்கோசைக் குருதிக்கு விடுகின்றன. அதனைத் தசையிலும் ஈரலிலும் சேர்க்கச் சதையி இன்சுலினைச் சுரக்கின்றது. மாரி மழை முழுவதும் ஒரே நாழிகையிற் பெய்யின் குளம் உடைப்பெடுக்கும். அதுவே பலநாட் பெய்யின் குளந் தாங்கும். ஆகவே எவ்வளவு உண்டோம் என்பதோடு, அஃது எவ்வளவு விரைவிற் குருதியை அடைகின்றது என்பதும் நோக்கற்பாலது.

இவ்விரைவை ஒப்பிட 1981இல் கனடாவின் ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்சும் குழுவினரும் ஓர் அளவை வகுத்தனர். அதிற் குளுக்கோசு 100 ஆகும். முழுக்கோதுமை மாப் பாணும் வெள்ளைப் பாணும் அவ்வளவையில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க, அவித்த கடலையும் பருப்பும் மிகத் தாழ நிற்கின்றன. நுண்ணிதாய் அரைத்த மாவில் நொதியத்துக்குத் தடையில்லை, முழுமணியில் உண்டு. எமது கூழின் குற்றம் விளங்கிற்று. நுண்ணிய மா, போதாக்குறைக்குப் பனங்கட்டியும் இட்டோம்!

உண்ணும் வரிசையும் பொருட்டாம். நியூயோர்க்கில் நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இருமுறை கொடுத்து ஆராய்ந்த முடிவு 2015இல் வெளிவந்தது. மரக்கறியும் இறைச்சியும் முன்னும் பாண் பின்னுமாக உண்டபோது சீனியேற்றம் குறைந்தது. அவ்வாண்டிலேயே கொழும்பில் இரசாயனம் பயின்ற மாணவர் ஒருவர், கொதிநீரிற் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்துச் சமைத்த சோற்றை 12 மணிநேரம் குளிரூட்டின், எளிதிற் செரியாத மாப்பொருள் பெருகுமென அறிவித்தார். அஃது ஆய்வுகூட முடிவே. அதனை நம்பி இரட்டிப்பாய் உண்ணலாகாது. எனினும் மாணாக்கர் நோக்குக: அடுக்களைப் பானையிலும் ஆராய்ச்சி உண்டு.

இன்று எமது கோப்பையிற் பாதி கீரையும் மரக்கறியும். காற்பங்கு பருப்போ மீனோ. எஞ்சிய காற்பங்கே புழுங்கலரிசிச் சோறு. கீரையை முதலில் உண்கின்றோம். உண்டபின் சாய்மனைக் கதிரையை நாடாது, கால்மணி நேரம் முற்றத்தில் நடக்கின்றோம். இயங்குந் தசை இன்சுலினை எதிர்பாராமலும் குளுக்கோசை ஈர்த்துக்கொள்ளும்.

இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் வைத்தியரைக் கேளாது உணவைக் குறைத்தலாகாது. சீனி மிகத் தாழின் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றும். வகுப்பறையில் ஒரு மாணாக்கனுக்கு அவ்வாறு நேரின், அவன் நினைவோடு விழுங்கவல்லனாயின், சீனி கரைத்த நீரையே உடன் கொடுத்தல் வேண்டும்.

மூன்று மாதத்தின் பின் எமது எண் 104 ஆயிற்று. சோற்றை நாம் விடவில்லை. அகப்பை மட்டும் இல்லாளின் கைக்கு மாறிவிட்டது.