‘ஹெவி’ என்னும் பெயரடை: ஆவடி மாணவிக்கு ஒரு கடிதம்



மழைக்குப் பொருந்தும் ‘ஹெவி’ காற்றுக்கு மட்டும் ஏன் பொருந்தாது, ‘ஹெவி விண்ட்’ என்று எழுதினால் ஏன் மதிப்பெண் குறைகிறது என்னும் வினாவுக்குச் சுருக்கமான விடை கிடையாது. ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரே ஒரு தமிழ்ச்சொல்லை அச்சிட்டு, அதை உருப்போடச் சொல்லும் பயிற்சி நூல்களே இப்பிழைக்கு வேர். ‘ஹெவி என்றால் கனமான’ என்று கற்பிக்கும் அந்நூல்கள், ஒரு பெயரடை தான் சேரும் பெயரைப் பொறுத்தே பொருள் கொள்கிறது என்பதை ஓரிடத்திலும் சொல்வதில்லை; இது மன்னிக்கத்தக்க குறை அன்று.

ஆவடியில் 1961இல் நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலையின் பெயரிலேயே இச்சொல் அமைந்திருந்தும், ஊரார் அதை எச்.வி.எஃப். என்றே வழங்குவதால் முதலெழுத்தில் உள்ள பெயரடை கண்ணுக்குப் படுவதில்லை. அங்கே ‘ஹெவி’ எடையைச் சொல்வதுபோல் தோன்றினாலும் உண்மையில் வகையையே சொல்கிறது என்பதால்தான், தமிழாக்கியவர்கள் ‘கனமான வாகனம்’ என்னாமல் ‘ரகம்’ சேர்த்துக் ‘கனரக வாகனம்’ என்றனர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை, அதாவது சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை, 12,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டியே கனரகம். ஆகவே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சரக்கை இறக்கிவிட்டுச் சி.டி.எச். சாலையில் வெறுமையாகத் திரும்பும் லாரியும் கனரக வண்டியே. 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்று, அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களை முன்னிறுத்தியபோதும், இரும்பும் எந்திரங்களும் ஆக்கும் பெருமுதல் தொழில் என்னும் வகையே அப்பெயரடையால் உணர்த்தப்பட்டது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படும் கனநீரும் அப்படியே: சாதாரண ஹைட்ரஜனின் இடத்தில் டியூட்டிரியம் உள்ள நீர்வகை அது, அதன் முன் ‘வெரி’ சேர்த்தால் பொருளே இராது.

மழையின் நிலை வேறு. அங்கே ‘ஹெவி’ அளவைச் சொல்லும் பண்புப் பெயரடை. அதற்குப் படிகள் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதைக் கனமழை என்றும், 204.4 மி.மீ. வரை மிக கனமழை என்றும், அதற்கும் மேற்பட்டதை அதி கனமழை என்றும் வகுக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் பெய்த 47 செ.மீ. மழை, அந்தக் கடைசிப் படியின் தொடக்க அளவைப்போல் இரு மடங்கையும் கடந்தது. மழை விழுந்து சேர்கிறது. சேர்ந்ததை மானியில் அளக்கலாம். காற்றோ சேர்வதில்லை, தள்ளுகிறது. அதை அளப்பது வேகத்தால். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருக்களை நிறைத்த மழை ‘ஹெவி’, மரங்களைச் சாய்த்த காற்று ‘ஸ்ட்ராங்’. மேலிருந்து இறங்குவதும், ஒருவர்மேல் சுமத்தப்படுவதும், எண்ணிக்கையில் திரள்வதும் ‘ஹெவி’யின் பக்கம்; உந்துவதும் இழுப்பதும் ‘ஸ்ட்ராங்’கின் பக்கம் என்று கொண்டால் பனிப்பொழிவு, வரி, அபராதம், நஷ்டம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் முதல் அணியிலும், நீரோட்டமும் காந்தமும் இரண்டாம் அணியிலும் தாமே வந்து நிற்கின்றன. இலக்கண நூல்கள் இதை விதியாக வகுக்காவிட்டாலும், பிழையைத் தடுக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. தமிழில் ‘பலத்த’ என்னும் ஒரே அடை மழை, காற்று, அடி, நஷ்டம் நான்கிற்கும் இயல்பாகப் பொருந்துவதும் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் இடறுவதற்கு ஒரு காரணம். 

இன்னொரு நுட்பம் உண்டு. அதிகமாகப் புகைப்பவரை ஆங்கிலத்தார் ‘ஹெவி ஸ்மோக்கர்’ என்கையில் அவருடைய உடல் பருமன் கருதப்படுவதில்லை. பெயருக்குள் இருக்கும் வினையையே அடை தழுவுகிறது. ‘நல்ல பாடகர்’ என்பது நன்றாகப் பாடுபவரைக் குறித்து, அவருடைய ஒழுக்கத்தைக் குறிக்காததும் இவ்வாறே. ஆனால் அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் நாளும் கேட்கும் ‘ஹெவி டிரைவர்’ என்னும் தொடரில் அடை அங்கில்லாத ‘வெஹிக்கிள்’ என்னும் சொல்லைத் தழுவி நிற்பதால், ஆங்கிலேயர் அதை உடல் கனத்த ஓட்டுநர் என்று கொள்ளக்கூடும். பேச்சுத் தமிழில் ‘ஹெவி லைசென்ஸ்’ என்பதைத் திருத்த வேண்டியதில்லை. வேலைக்கான ஆங்கில விண்ணப்பத்தில் மட்டும் ‘ஹெவி வெஹிக்கிள் டிரைவர்’ என்று முழுமையாக எழுத வேண்டும்.

சொற்கள் தம்முள் கூடிவரும் இவ்வழக்கத்தைச் சொற்சேர்க்கை என்பர். இதை மொழியியலில் வலியுறுத்திய ஜே. ஆர். ஃபர்த், இலண்டனில் பெயர் பெறுவதற்கு முன் 1928 வரை லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர்; பிறமொழி மாணவரின் இடறல்களை அவர் அங்கே நேரில் கண்டிருப்பார் என்று கருத இடமுண்டு. ஏ. எஸ். ஹார்ன்பி முதலில் 1942இல் ஜப்பானில் வெளியிட்ட அகராதி, ஆங்கிலம் பயிலும் பிறமொழியினருக்கென்றே ஆக்கப்பட்டது. அதன் வழிவந்த பதிப்புகளில் பொருள்களைவிட எடுத்துக்காட்டுத் தொடர்களே முதலில் படிக்கத் தக்கவை. குறிப்பேட்டிலும் ‘ஹெவி’யைத் தனியே எழுதாமல் அது சேரும் பெயரோடு எழுதி, எதிரில் தமிழ்த்தொடர் முழுவதையும் எழுதுவதே முறை. ‘நேற்று நல்ல மழை’ என்பதற்கு எதிரில் அங்கே ‘ஹெவி ரெயின்’ என்று வரும். ‘நல்ல வெயில்’, ‘நல்ல அடி’, ‘நல்ல பாம்பு’ ஆகிய மூன்றிற்கும் எவை வரும் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புக.