காலடியில் ஒரு பாடம்: பாறைச் சுழற்சியும் நம் மேல்மண்ணும்

சென்ற கோடையில் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுக்கச் சென்றிருந்தோம். அருகில் நின்று பார்த்துக் கொண்டிருந்த ஏழாம் வகுப்பு மாணவன், "சார், மேல்மண்ணைச் சூளைக்கு வித்துட்டா எத்தனை வருஷத்துல திரும்ப வரும்?" என்று கேட்டான். கிணறு தூர் வாரப் பணம் தேவைப்பட்டதால், அவன் தந்தை ஓர் ஏக்கர் மண்ணுக்கு விலை பேசி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் கேள்விக்கு விடை, பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாறைச் சுழற்சிப் பாடத்திலேயே இருக்கிறது. உழவர் பெருமக்கள் தாமும் அறிந்து, தம் பிள்ளைகளுக்கும் வயலிலேயே சொல்லிக் கொடுக்கும் வகையில் அதனை இங்கு காண்போம்.

மூவகைப் பாறைகள்

1. தீப்பாறை: பூமிக்குள் உருகிய நிலையில் உள்ள குழம்பு குளிர்ந்து இறுகுவதால் உண்டாவது. அந்தமான் பகுதியில் உள்ள பாரன் தீவு எரிமலை 1991ஆம் ஆண்டில் மீண்டும் குமுறிக் குழம்பைக் கக்கியது. மகாராட்டிர மாநிலத்தின் பரந்த கரிசல் நிலங்கள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைப் பாறையிலிருந்து தோன்றியவை.

2. படிவுப்பாறை: நீரும் காற்றும் அடித்துச் செல்லும் மணல், வண்டல், கிளிஞ்சல் ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்து இறுகுவதால் உண்டாவது. அரியலூர்ப் பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அங்குள்ள சுண்ணாம்புக் கல்லும் கடல் உயிரினங்களின் கல்லுருவங்களும் அதற்குச் சான்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிப் போன மரத்தை இன்றும் காணலாம்.

3. உருமாறிய பாறை: முன்பிருந்த பாறை, பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலேயே தன்மை மாறுவதால் உண்டாவது. சேலம், நாமக்கல் பகுதிகளில் கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடிய கற்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கோவையை அடுத்த மதுக்கரையின் சுண்ணாம்புப் பாறையும் இவ்வாறு உருமாறியதே.

வெல்லப்பாகில் விளக்கம்

வெல்லப்பாகைத் தட்டில் ஊற்றி ஆற விடுங்கள். அது தீப்பாறை. மெதுவாக உண்டாகும் கற்கண்டில் பெரிய படிகங்கள் இருப்பது போலவே, பூமியின் ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்த பாறையில் மணிகள் பெரிதாக இருக்கும். ஆறிய வெல்லத்தைத் தூளாக்கி, அடுக்கி, அழுத்தினால் படிவுப்பாறை. அதனை இளஞ்சூட்டில் வைத்து மேலும் அழுத்தினால் உருமாறிய பாறை. மறுபடியும் உருக்கினால் பழைய பாகு. ஆனால் இந்த வரிசைப்படியேதான் நடக்க வேண்டும் என்பதில்லை. எந்தப் பாறையும் உருகலாம், உருமாறலாம், உதிர்ந்து தூளாகலாம்.

பாறை மண்ணாகும் விதம்

வெயிலும் மழையும் வேர்களும் பாறையைப் பிளக்கின்றன. மழைநீரில் கரைந்துள்ள கரியமில வாயு அதனை மெல்லக் கரைக்கிறது. வெங்கச்சங்கல் எளிதில் கரையாததால் மணலாக நிற்கிறது. கருங்கல்லில் உள்ள பெல்சுபார் என்ற கனிமம் களியாக மாறும்போது சாம்பல் சத்து வெளிப்படுகிறது. மணிச்சத்தும் பாறையிலிருந்தே வருகிறது. ஆனால் தழைச்சத்துக்குப் பயிர் பெரிதும் மண்ணின் மக்கையும் நுண்ணுயிர்களையுமே நம்பியிருக்கிறது. மக்கு மிகுதியாக இருப்பது மேல்மண்ணில்தான்.

வயலில் செய்து பார்க்க

* கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்குத் தண்ணீரும் இட்டு நன்கு குலுக்கி வைக்கவும். முதலில் மணலும், பிறகு வண்டலும், மறுநாள்வாக்கில் களியும் படியும். படிவுப்பாறை உண்டாகும் முறையும் உங்கள் மண்ணின் தன்மையும் ஒருசேர விளங்கும்.

* சுக்கான்கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடவும். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. மண்ணும் அவ்வாறே நுரைத்தால் பயிருக்கு இரும்புச் சத்து எளிதில் கிடைக்காது. நிலக்கடலை, சோளம், கரும்பு ஆகியவற்றின் இளம் இலைகள், நரம்பு பச்சையாக இருக்க, மஞ்சளாகும். இதற்கு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம்.

மேல்மண்ணை விற்கலாமா?

இனி மாணவனின் கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மண் சுமார் 900 டன் எடையுள்ளது. சூளைக்கு 30 செ.மீ. வெட்டினால் 1,800 டன் போய்விடும். நடைக்கு 3 டன் வீதம் 600 நடை. பாறையிலிருந்து ஒரு செ.மீ. மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். 300 ஆண்டுகள் என்று குறைவாகவே வைத்துக் கொண்டாலும், 30 செ.மீ.க்கு 9,000 ஆண்டுகள் ஆகின்றன.

மேல்மண் போனபின் எஞ்சுவது மக்கு குறைந்த அடிமண். அதில் உரச்செலவு கூடும், விளைச்சல் குறையும். நிலம் பள்ளமாகி மழைநீர் தேங்கும். சுக்கான் அல்லது சரளை வெளிப்பட்டால் ஏர் ஓட்டுவதும் கடினம். ஒரு முறை கிடைக்கும் தொகையோடு இந்த இழப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது நலம்.

இருக்கும் மண்ணைக் காக்க, சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்புகளைப் பலப்படுத்துதல், தொழுஉரமும் பசுந்தாள் உரமும் இடுதல், உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை வயலில் இடுதல் ஆகியவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

இந்தக் கணக்கை அந்த மாணவன் அன்று நிலத்திலேயே குச்சியால் எழுதிப் போட்டான். தந்தை அதைப் பார்த்துக் கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். மூன்று மாதம் கழித்து நாங்கள் சென்றபோது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுக் கிணற்றைத் தூர் வாரியிருந்தார். மண் வெட்டப்படவில்லை. அந்த ஏக்கரில் கம்பு முளைத்திருந்தது.

உழவர் பெருமக்கள் அடுத்த உழவின்போது தம் பிள்ளைகளையும் வயலுக்கு அழைத்துச் சென்று, கொழுவில் தட்டுப்படும் கல்லைக் கையில் கொடுத்து இப்பாடத்தைத் தொடங்குவார்களாக.