ஜிம்மில் சேரும் முன் டார்கெட்டைச் சரி பாருங்கள்

ஜனவரி முதல் வாரத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் டிரெட்மில்லுக்கு ஆள் காத்திருப்பார்கள். பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் சூடு பிடித்ததும் பாதிப் பேரைக் காணோம். சோம்பேறித்தனம் என்று அவர்கள் தங்களையே திட்டிக்கொள்வார்கள். எனக்கென்னவோ கோளாறு இலக்கில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ‘மூணு மாசத்துல சிக்ஸ்பேக்’ மாதிரி ஒரு டார்கெட்டை மேனேஜர் கொடுத்திருந்தால் மீட்டிங்கிலேயே எழுந்து சண்டை போட்டிருப்பார்கள். தனக்குத் தானே கொடுத்துக்கொண்டதால் கேள்வி கேட்க ஆளில்லை.

போனில் சேமித்து வைத்திருக்கும் நடிகர் படத்திலிருந்து தொடங்குவோம். 2016இல் வந்த ‘தங்கல்’ படத்துக்காக ஆமிர் கான் முதலில் எடையைக் கூட்டி, வயதான அப்பாவாக நடித்து முடித்தார். பிறகு மாதக்கணக்கில் இளைத்து, இளம் மல்யுத்த வீரராகத் திரும்பி வந்தார். அந்த மாதங்களில் அவருடைய வேலையே உடம்பைச் செதுக்குவதுதான். உங்களுக்கு ஒன்பது மணி நேர வேலையும் அதற்குமேல் டிராஃபிக்கும் இருக்கின்றன. தோள் எலும்பின் அகலம், தசை எலும்பில் ஒட்டும் இடம் இதெல்லாம் பிறப்பிலேயே முடிவானவை; எந்த டிரெய்னராலும் மாற்ற முடியாது. படத்தை வைத்துக்கொள்ளுங்கள், ரசிக்கலாம். டார்கெட் ஷீட்டில் மட்டும் அதற்கு இடம் தராதீர்கள்.

உடம்பு உண்மையில் எவ்வளவு கொடுக்கும்? முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும், கண்ணாடியில் அவ்வளவாக ஒன்றும் தெரியாது. இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் பழகும் காலம் அது. பலர் விட்டுவிட்டுப் போவதும் சரியாக இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் தசை சேரத் தொடங்கும். புதிதாகத் தொடங்கும் ஆணுக்கு மாதம் அரைக் கிலோ தசை கூடினால் நல்ல விளைச்சல். பெண்ணுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு குறைவது வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் தாக்குப்பிடிக்கும். ‘30 நாளில் 10 கிலோ’ என்று ஜிம் வாசலில் பேனர் கட்டியிருந்தால் அடுத்த தெருவில் இருக்கும் ஜிம்மைப் பாருங்கள்.

ஆகவே இலக்கை மூன்று எண்களாக எழுதுங்கள்: தூக்கும் எடை, இடுப்பளவு, வருகை. மூன்றில் வருகைதான் முக்கியம். காரணம், அது ஒன்றுதான் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

12 வாரம், வாரம் மூன்று நாள் என்றால் 36 முறை. ஷீட்டில் 36 என்று எழுதாதீர்கள், 28 என்று எழுதுங்கள். எட்டு நாள்கள் எப்படியும் பறிபோகும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மாதக் கடைசி, சாஃப்ட்வேர்க்காரருக்கு ரிலீஸ் வாரம், வங்கியில் இருப்பவருக்கு மார்ச் முழுவதும். இவற்றோடு ஒரு காய்ச்சல், ஒரு ஊர்க் கல்யாணமும் வரும். இதையெல்லாம் முன்கூட்டியே கழித்துவிட்டால், ஒரு நாள் போகாததற்காக ‘இனி அவ்வளவுதான்’ என்று மனம் விட்டுப்போகாது. நைட் ஷிஃப்ட் சுழற்சியில் இருப்பவர்கள் அந்த வாரங்களில் எடையை ஏற்ற வேண்டாம். பழைய எடையிலேயே இரண்டு நாள் செய்தால் போதும். தூக்கம் கெட்ட உடம்பிடம் சாதனை கேட்பது வட்டிக்குக் கடன் வாங்கித் தானம் செய்வது மாதிரி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. ஆறு நாள் அட்டவணையை எழுதிக் கொடுக்கும் டிரெய்னர் உங்கள் ரோஸ்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது எடை. 34 வயது, 78 கிலோ, இடுப்பு 96 சென்டிமீட்டர், நாள் முழுக்க நாற்காலி. இப்படி ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஜிம்மில் இருக்கும் பெரிய பார்பெல் வெறுமனே 20 கிலோ. ஸ்குவாட்டுக்கு முதல் வாரம் அது மட்டும், ஐந்து ஐந்தாக மூன்று செட். முட்டியும் முதுகும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்றால் அடுத்த முறை இரு பக்கமும் 1.25 கிலோ தட்டு ஒவ்வொன்று, மொத்தம் 22.5 கிலோ. எல்லா செட்டிலும் ஐந்தும் சுத்தமாக வந்தால் மட்டுமே மேலும் ஏற்ற வேண்டும். பக்கத்தில் ஒருவர் 100 கிலோ தூக்குவார். அவருடைய கணக்கு உங்களுக்கு எதற்கு? ஆறு மாத முடிவில் ஸ்குவாட் 60 கிலோ, டெட்லிஃப்ட் 80 கிலோ, இரண்டும் ஐந்து ஐந்து முறை. இடுப்பு 90 சென்டிமீட்டர். அவருக்கு நான் எழுதிக் கொடுக்கும் டார்கெட் இவ்வளவே. பெண் என்றால் ஸ்குவாட் 40, டெட்லிஃப்ட் 55, முட்டி ஊன்றாமல் எட்டு தண்டால். வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்று தயங்குபவர்களுக்கு: மாதம் கால் கிலோ தசையில் அது நடக்காது.

90 என்ற எண் சும்மா வந்ததல்ல. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. அளப்பதிலும் முறை உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். எடை மெஷினில் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம். முந்தைய இரவு பிரியாணி சாப்பிட்டிருந்தால், மாதவிடாய் நெருங்கியிருந்தால் இன்னும் கூடும். வாரச் சராசரியைப் பாருங்கள். கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷினும் உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காகிதத்தை நம்பிக் கூடுதல் பேக்கேஜ் வாங்காதீர்கள்.

ஆபீஸில் எச்.ஆர். நடத்தும் எடைக்குறைப்புப் போட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பரிசு மெஷின் எண்ணுக்கு. கடைசி வாரம் பட்டினி கிடந்தவர் ஜெயிப்பார். கூட்டத்தோடு கலந்துகொள்ளுங்கள், டீ ஷர்ட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ஷீட்டைத் தனியாக வையுங்கள்.

சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் சொன்ன புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.2க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நம் 78 கிலோக்காரருக்கு ஏறக்குறைய 94 கிராம். காலையில் மூன்று முட்டை 18, கேண்டீனில் அரிசியைப் பாதியாகக் குறைத்து 150 கிராம் சமைத்த சிக்கன் 40க்கு மேல், நாலு மணி டீயோடு பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் 9, இரவில் ஒரு கப் தயிர் 7. மிச்சத்தை இட்லி, பருப்பு, சாதமே கொடுத்துவிடும். சைவமானால் சிக்கன் இடத்தில் பனீரும் சோயா உருண்டையும் வர வேண்டும். வெறும் சாம்பார் சாதத்தில் கணக்கு நேராகாது. பவுடர் வசதிக்குத்தான், கட்டாயமில்லை.

ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, பழைய டிஸ்க் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே பார்பெல்லைத் தொடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருந்து அளவையும் நேரத்தையும் முன்பே பேசிவிடுவது நல்லது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கட்டும்போது ஓராண்டுத் தள்ளுபடிக்கு மயங்காமல் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். 12 வாரம் முடிந்ததும் வருகையை எண்ணிப் பாருங்கள். 28 தாண்டியிருந்தால் எடையை ஏற்றும் வேலை தொடரட்டும். 20க்குக் கீழே என்றால் அட்டவணையை வாரம் இரண்டு நாளாக்கி, ஒவ்வொரு நாளும் ஸ்குவாட், ஒரு தள்ளும் பயிற்சி, ஒரு இழுக்கும் பயிற்சி, 40 நிமிடம் என்று சுருக்கிவிடுங்கள். ஆறு மாத டார்கெட்டை ஒன்பது மாதமாக்கித் தேதியைத் திருத்தி எழுதுங்கள். இந்த டார்கெட்டுக்கு அப்ரூவல் கொடுப்பவரும் நீங்களே.