தேடுபவர் கண்ணில் படுவது எப்படி?

இடம்பெயர்ந்த பின் பழைய வாடிக்கையாளருக்கு நாம் இருக்கும் இடம் தெரியாது. அவர்கள் இன்று கைத்தொலைபேசியில், கூகுளில் தேடுகிறார்கள். இதனை அறிந்து, "காசு கட்டுங்கள், உங்கள் ஒடியல் மாவை முதலாவதாகக் காட்டுகிறோம்" என்று எவராவது வரக்கூடும். கொடுக்க வேண்டாம். சாதாரண தேடல் முடிவுகளில் இடம் தருவதற்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று அந்நிறுவனமே சொல்கிறது. பணம் வாங்குவது விளம்பரங்களுக்கே; அவை வேறாகக் குறிக்கப்பட்டிருக்கும். அங்கும் பெரும்பாலும் ஒருவர் அழுத்திப் பார்த்தாலே நமது காசு கழியும், அவர் வாங்கினாலென்ன, வாங்காவிட்டாலென்ன.

தேடுபொறி பெரிதும் ஒரு பக்கத்திலுள்ள சொற்களைக் கொண்டே அதனைக் கண்டெடுக்கிறது. ஆகவே நமது இணையப் பக்கத்தில் படம் மட்டும் போதாது. "தரமான உள்ளூர் உற்பத்திகள்" என்று யார்தான் தேடுவார்? "ஒடியல் மா 500 கிராம்" என, வாங்குபவர் தட்டும் சொல்லிலேயே எழுதுவோம். ஊர், விலை, தபாலில் அனுப்பும் விபரம் எல்லாம் சேரட்டும். கூழுக்கு எவ்வளவு மா கரைப்பது என்றும் எழுதினால், சமையற் குறிப்புத் தேடுபவரும் வந்து சேர்வார்.

வாசகர் பெருகினால், பிறர் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தும் உழைக்கலாம். 2003இல் தொடங்கிய கூகுளின் அட்சென்ஸ் திட்டம் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. சேரக் கட்டணமில்லை. ஆனால் 100 டொலர் சேரும்வரை பணம் கைக்கு வராது. சிறிய பக்கத்துக்கு அது மாதக்கணக்கில் இழுபடும். அதற்கிடையில் நாலு பொதி மா விற்றுவிடலாம்.