மாத்திரை மாறியதும் வந்த பயம்

கேள்வி: இரண்டு வருடமாகப் பதற்றத்துக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிட்டேன். டாக்டர் இப்போது செர்ட்ராலினுக்கு மாற்றிவிட்டார். புது அட்டையைப் பிரிக்கவே கை நடுங்குகிறது. பழையதையே தொடரலாமா?
- ஒரு வாசகி, காலடிப்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. இரண்டு வருடம் சாப்பிட்ட மருந்தைக் கைவிடுவது லேசான காரியமல்ல. ஆனால் இரண்டும் ஒரே வகை மருந்துகள்தான். முற்றிலும் புதிய பாதைக்கு உங்களைத் தள்ளவில்லை.

முதல் ஓரிரு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கக் குறைவு வரலாம். பதற்றமே சற்றுக் கூடலாம். பெரும்பாலும் தானாகத் தணியும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும். ஆகவே முதல் வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நீங்களாகப் பழையதைத் தொடர்வதும், இரண்டையும் சேர்த்து விழுங்குவதும் கூடாது. சேர்ந்தால் காய்ச்சல், கடும் நடுக்கம், குழப்பம் வரை போகலாம். திடீரென எல்லாவற்றையும் நிறுத்தினாலோ தலைசுற்றலாம், மண்டைக்குள் ஷாக் அடித்ததுபோல் இருக்கலாம்.

பழையது எந்த நாளோடு நிற்க வேண்டும், புதியது எந்த அளவில் தொடங்க வேண்டும், ஏன் மாற்றினார்கள்? டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சையையும் பக்கவிளைவையும் தெரிந்துகொள்வது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. அதுவரை தவிப்பாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல், வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு உடனே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.